படத்தில் இல்லாத லாரி

1962 மார்ச், ஞாயிறு இரவு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கால்பந்தாட்ட அணியைப் பற்றிக் கொழும்புக்காரர்கள் எடுத்த படத்தை இன்று வட்டவளையில் காட்டினார்கள். அந்தப் படத்தின்படி, அணியின் மேனேஜர் ராமையா அண்ணன் வன்மத்தில் என் கணவரை இறுதிப் போட்டியில் ஆடவிடாமல் அணியைத் தோற்கடித்தாராம். முழுப் பொய். அன்று எனக்குப் பிரசவ வலி. தோட்டத்தை நடத்தும் துரையைக் கேட்காமலே கொழுந்து லாரியில் எங்கள் இருவரையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் அவர்.

கூட்டம் அவரை ஏசியது. உண்மையைச் சொல்ல என் கணவர் எழுந்தார். அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருப்பா. வெளிய தெரிஞ்சா லாரி டிரைவருக்கு வேலை போயிடும். என்னைய நாலு பேரு ஏசினா ஏசிட்டுப் போறாங்க."

அன்று பிறந்த மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும்மா," என்றார். "நல்லா தூங்குது."