சொட்டட்டும் விடுங்கள், அப்பா

பாசமுள்ள அப்பா,

குளியலறைச் சுவரில் நீங்கள் மாட்டிய ஹீட்டரைப் போன ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டோம். அம்மா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

நம் வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்கும்படி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் இதே தப்பு இன்னும் எத்தனை வீட்டுக் குளியலறையில் தொங்கிக்கொண்டிருக்கிறதோ என்ற நினைப்பு என்னை விடவில்லை.

மார்கழி பிறந்ததிலிருந்தே ஹீட்டர் சரியில்லை. சுவிட்சைப் போட்டால் உள்ளே கூழ் கொதிப்பதுபோல் ஒரு சத்தம். குழாயைத் திறந்தால் முதல் இரண்டு செம்புத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. நம் குரும்பலூர் போர்வெல் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? "தண்ணியிலயே சுண்ணாம்பு வருது, வெத்தலை பாக்கு மட்டும் வாங்குனா போதும்" என்பீர்களே, அதே தண்ணீர்தான்.

புதிதாக ஒன்று மாற்றிவிடலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை.

"உங்கப்பா கையால மாட்டுனதுடி. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

"ஓடலம்மா. முனகுது."

"நானுந்தான் முட்டி வலியில முனகுறேன். என்னையும் மாத்திடு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதைக் கழற்ற மனமில்லை. டிப்போவிலிருந்து வந்ததும் கிரீஸ் படிந்த காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஸ்டூலில் ஏறி நீங்கள் அதை மாட்டினீர்கள். ஓடாத பஸ்ஸையெல்லாம் ஓட வைத்த ஃபிட்டர் மாட்டியது எப்படிக் கெட்டுப்போகும் என்று நானும் நாளைக் கடத்தினேன்.

உடையார்பாளையத்து மாமா வந்திருந்தபோது, "மாடியில சோலார் போட்டுடலாம்க்கா, கரண்ட்டே வேணாம்" என்று ஆரம்பித்தார். "இந்தத் தண்ணிக்கு அதையும் அடிக்கடி கழுவணும்பாங்க. ஏணியில யாரு ஏறுவா? நீ அங்கேருந்து பஸ் ஏறி வந்து கழுவுவியா?" என்றாள் அம்மா. மாமா காப்பியைக் குடித்துவிட்டு முந்திரி விளைச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அதன்பிறகு அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். ஹீட்டரும் வேண்டாம், சோலாரும் வேண்டாம், கேஸ் அடுப்பில் காய்ச்சிக்கொள்கிறேன் என்றாள். மறுநாள் காலை நான் காலேஜ் லைப்ரரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, கொதிக்கிற குண்டானை முந்தானையால் பிடித்துக்கொண்டு, அந்த முட்டியோடு, ஈரத் தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்து அவள் நடந்து வருவதைப் பார்த்தேன். அன்றே செல்வமணி அண்ணனைக் கூப்பிட்டேன். உங்களோடு சேர்ந்து நம் வீட்டு மோட்டாரை இறக்கினாரே, அந்த பிளம்பர் அண்ணன்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்து, ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, "பாப்பா, மெயினை ஆஃப் பண்ணிட்டியா?" என்றார். பண்ணிவிட்டேன் என்றேன். "நல்லா பாத்துட்டு வா" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"இத யாரு அடைச்சது?"

தொட்டியின் அடியில் சின்னதாக ஒரு வால்வு. உள்ளே அழுத்தம் கூடினால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விட வேண்டிய வாய் அது. அதில் ஒரு போல்ட் முறுக்கியிருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை, அப்பா. ஒரு பொட்டு ஈரம் இல்லை. கேட்டாரே தவிர, செல்வமணி அண்ணனுக்கு அது யார் கை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அம்மாதான் சொன்னாள். "அவுங்கதான்."

தண்ணீர் சூடானதும் கரண்ட்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டையும் அண்ணன் கழற்றிப் பார்த்தார். சுண்ணாம்பு ஏறி, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் கிடந்தது. "இதுவும் நிக்காது, அதுவும் விடாது. அரை மணி, ஒரு மணி நேரம் அப்புடியே வுட்டிருந்தா தொட்டி வெடிச்சு சுவரே போயிருக்கும்க்கா. இத்தனை நாளு எப்புடித் தப்பிச்சீங்க?"

எப்படித் தப்பித்தோம் என்று எனக்குத் தெரியும். வாளியில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, அப்புறம்தான் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். அம்மா அதை ஒருநாளும் மீறியதில்லை. நான் மீறியிருக்கிறேன். கார்த்திகையில் ஒரு காலை, சுவிட்சைப் போட்டுவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தவள் அப்படியே மறந்துபோனேன். அம்மா அணைத்துவிட்டு வந்து திட்டினாள். "அதுவே நின்னுக்கும்மா, அதுக்குத்தான் தெர்மோஸ்டாட் இருக்கு" என்று அவளுக்கு நான் பாடம் எடுத்தேன்.

அன்றைக்கு அவள் அணைக்காமல் இருந்திருந்தால்?

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது, அப்பா. ஒளிக்க விரும்பவில்லை. இவ்வளவு தெரிந்த மனிதர் இதை எப்படிச் செய்தார்? அந்தக் கோபத்தை அம்மா என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும்.

"அவரைச் சொல்லாதடி. நான்தான் சொன்னேன், சொட்டுது சொட்டுதுன்னு. அந்தத் தண்ணியில வழுக்கி விழுந்து கை பிசகிப் போச்சுல்ல, நீ ஹாஸ்டல்ல இருந்தப்ப? அன்னிக்கு சாயந்தரமே அடைச்சாரு. சொட்டுறத நிறுத்தாட்டி நான் என்ன ஃபிட்டர்னாரு." பிறகு, "ஆஃப் பண்ணாம உள்ள போவாதன்னு அன்னிலேருந்துதான் சொல்ல ஆரம்பிச்சாரு" என்றாள்.

அன்றிலிருந்துதானா? அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருந்ததா? பாதி தெரிந்திருந்ததா? ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு, மனசு கேட்காமல், அதற்குக் காவலாக ஒரு சட்டத்தையும் போட்டீர்களா? கேட்பதற்கு இப்போது நீங்கள் இல்லை. ஆனால் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

இனி புதியதைப் பற்றி. பழையதைவிடச் சின்னது, ஒரு ஆள் குளிக்கப் போதும். நம் உப்புத் தண்ணீருக்குத் தாங்குகிற உள்பூச்சு இருக்கிறதா என்று பார்த்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துத்தான் எடுத்தேன். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுண்ணாம்பை எடுத்துவிடுவதாகச் செல்வமணி அண்ணன் ஒத்துக்கொண்டார். கடைசியாக வால்வின் வாயில் நாலு முழம் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, சுவரோரமாக இறக்கி, ஜலதாரையில் விட்டார். சொட்டு அதன் வழியாகப் போய்விடும். தரை நனையாது.

அம்மா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்ளோதானா? நாலு முழம் குழாதானா?"

"இவ்ளோதான்க்கா."

"இது தெரியாமத்தான் அந்த மனுஷன் அப்புடி மல்லுக்கட்டுனாரா!" சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. அப்புறம் அந்தப் போல்ட்டைத் துடைத்து, "அவரு போல்ட்டு, அவரு பெட்டிக்கே போவட்டும்" என்று உங்கள் டூல்ஸ் பெட்டியில் போட்டாள்.

இப்போது அம்மா நல்ல சூட்டில், காய்ந்த தரையில் நின்று குளிக்கிறாள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம்கூட வருகிறது. நான் வெளியே உட்கார்ந்து அந்தக் குழாயில் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குக் கை பரபரக்கும், தெரியும். சொட்டட்டும் விடுங்கள், அப்பா. அதை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது இனி என் வேலை. தெர்மோஸ்டாட் புதுசுதான், ஆனாலும் உங்கள் சட்டத்தை நான் மாற்றப் போவதில்லை.

இப்படிக்கு,
சுவிட்சை அணைத்துவிட்டே தாழ்ப்பாள் போடுகிற
உங்கள் மகள்