விறகுக்குக் கீழே இருக்கும் கத்தி

என் ஆசை அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகிவிட்டன. திவசத்தன்று உன் படத்துக்குப் பூ வைத்து, உனக்குப் பிடித்த மாதிரி ரொட்டியும் கட்டைச் சம்பலும் படைத்தோம். அன்று உன்னிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இன்று இருக்கிறது. படத்துக்கு முன்னால் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டால் எனக்கு வசதியாகத்தான் இருக்கும். அந்த வசதி வேண்டாம் என்றுதான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

சுற்றி வளைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன். அம்மா, நான் சாந்தியை அடித்துவிட்டேன். நீ பெண் பார்த்துக் கட்டி வைத்த உன் மருமகளை. கன்னத்தில் ஒன்று, தோளில் ஒன்று. முதல் அடி எப்படி விழுந்தது என்று எனக்கே தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தெரிந்தே விழுந்தது.

நீ உடனே என்ன கேட்பாய் என்று தெரியும். "குடிச்சிருந்தியாடா?"

இல்லை அம்மா. ஒரு சொட்டுக்கூட இல்லை.

அப்பா அடித்த நாட்களில் நீ எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஒங்கப்பா தங்கம்டா. அந்தச் சாராயம்தான் மனுசன இப்பிடி ஆட்டுது." வீங்கின கண்ணோடு அடுப்பு ஊதிக்கொண்டே அதைச் சொல்வாய். நானும் நம்பினேன். நம்பாமல் அந்த ஒற்றைக் காம்பராவுக்குள் எப்படி இருப்பது? அப்பா, நீ, நான், அடுப்பு, ஒரே கதவு. அடிக்கிறவர் தங்கம் என்று நினைத்தால்தான் அவருக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்க முடியும்.

அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அந்த வளைந்த கத்தியை எப்போதும் தீட்டியே வைத்திருப்பார். சாராயத் தவறணைப் பக்கமிருந்து அவர் பாட்டுச் சத்தம் மேலே ஏறி வந்தால், நீ என்னைப் பார்ப்பாய். நான் ஓடிப்போய்க் கத்தியை எடுத்து, கவ்வாத்தில் வெட்டின தேயிலைக் குச்சியைக் கட்டிவைத்திருப்போமே, அந்த விறகுக் கட்டுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அது என் வேலை. வாயால் சொல்லாமலே நீ எனக்குக் கொடுத்த வேலை.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்க நீ பெரட்டுக்கு வரவில்லை என்றால் லயத்து வீடுகளுக்கெல்லாம் விசயம் தெரிந்துவிடும். தோட்டத் தலைவர் வருவார். அப்பாவை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைக்கச் சொல்வார். "இனிமே சாராயம் தொட மாட்டேன்." ஏழு தடவை அணைத்தார், நான் எண்ணியிருக்கிறேன். ஏழு தடவையும் சாராயத்தைத்தான் கேட்டார்கள். கையைப் பற்றி ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை. தலைவர் கேட்கவில்லை, பூசாரி கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லையே அம்மா?

அப்பா மழைத்தண்ணிக் கானுக்குள் விழுந்து செத்துப்போன முப்பதாவது நாள், பதினாறு வயசில் என்னையும் அதே கோயிலுக்குக் கூட்டிப்போனாய். அதே கற்பூரம், அதே சத்தியம். அதை நான் காப்பாற்றினேன். அதில் சந்தேகமே வேண்டாம். கலியாண வீடோ சாவு வீடோ எங்கே போய் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி "ஊது" என்பாய். நான் உன் முகத்துக்கு நேரே வாயை ஊதுவேன். சோடா வாசம்தான் அடிக்கும். நீ சிரித்துக்கொண்டே உள்ளே விடுவாய். கலியாணம் ஆகிப் பிள்ளை பிறந்த பிறகும் ஊதச் சொன்னாய். கூட்டாளிகள் என்னைச் சாமியார் என்று கேலி பண்ணினார்கள். எனக்கு அது பெருமை.

அந்தப் பெருமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் லயத்தில் குடிக்காத புருசன் என்றால் ஊரே கண் வைக்கிற சொத்து. அது எனக்கும் தெரியும். சாந்தி எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "நான் குடிக்கிறேனா? குடிச்சிட்டு வந்து ஒன்னை அடிக்கிறேனா? வேற என்னா வேணும் ஒனக்கு?" அவள் வாயை மூடிக்கொள்வாள். பத்து வருடமாக இப்படித்தான் மூட வைத்திருக்கிறேன். நீ அடுப்படியில் உட்கார்ந்து "சரியாத்தானே கேக்குறான்" என்பாய்.

இனி அந்த நாள். நான் இப்போதும் தேயிலை ஸ்டோரில், கொழுந்து வாட்டுகிற மாடியில்தான் வேலை. காலையிலிருந்து அடைமழை. கரண்டு போய்ப் போய் வந்ததில் காற்றாடி நின்றுவிட்டது, கொழுந்து புழுங்கிச் சிவந்துபோனது. ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா எல்லாரையும் கூப்பிட்டு, நடுவில் என்னை நிறுத்தி, வாய்க்கு வந்தபடி ஏசினார். இருபது வருடமாக என் பேர் தெரிந்தவர், அன்று "ஏய்" என்று மட்டும்தான் கூப்பிட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று நின்றேன்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சாந்தியும் அப்போதுதான் கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். விறகு ஈரம், காம்பரா முழுக்கப் புகை. நான் ஏச்சு வாங்கின சேதி கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே அவளுக்கு வந்திருக்கிறது. திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள். "ஏங்க, கரண்டு போனதுக்கு நீங்க என்னா செய்வீங்க? வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

பார், அவள் என் பக்கம்தான் பேசினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடித்தேன். உன் பேத்தி, எட்டு வயசு தர்ஷினி, பாயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்ப வந்து உட்கார்ந்து எழுதினாள். அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அடுப்புக்குக் குச்சி வெட்டலாம் என்று அப்பாவின் கத்தியைத் தேடினேன். அது எப்போதும் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கும். அங்கே இல்லை. "கத்தி எங்க சாந்தி?" என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள். நான் குச்சி எடுக்க விறகுக் கட்டை நகர்த்தினேன். அடியில் கத்தி இருந்தது. நான் வைக்கிற அதே இடம், சுவரோரம், பிடி உள்பக்கமாக.

அம்மா, அந்தக் கத்தியை இதே வீட்டில் எத்தனை தடவை நான் ஒளித்திருக்கிறேன். இப்போது என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தொடாமல் கட்டைப் பழையபடி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் தலைவர் வந்தார். பழைய தலைவர் இல்லை, அவர் மகன். சாந்தியின் கன்னத்தை மலையில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து முதல் கேள்வியே, "அண்ணே, போட்டிருந்தீங்களா?" இல்லை என்றேன். அவருக்கு அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. தலையைச் சொறிந்தார். "குடிச்சிருந்தா கோயிலுக்குப் போய்க் கற்பூரம் அணைச்சிடலாம். இப்ப என்னாத்த அணைக்கிறது?" என்று சிரித்தார். பிறகு சாந்தியைப் பார்த்துத் திரும்பினார். "குடிக்காத மனுசனே கைய நீட்டுற அளவுக்கு நீ என்னாம்மா சொன்ன?"

சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் அதே கேள்விதான். சாந்தி என்னைப் பார்த்தாள். "அவ ஒண்ணும் சொல்லல, தப்பு என்னோடது" என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குடிக்காதவன் என்கிற பேர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன். அடித்ததைவிட இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.

சனிக்கிழமை அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தலவாக்கலையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தனியாக அந்தக் காம்பராவில் இருந்தேன். நான் பிறந்தது இங்கே, அப்பா உன்னை அடித்தது இங்கே, நான் சாந்தியை அடித்ததும் இங்கே. வேலையை விட்டால் இந்தக் கூரையும் இல்லை. மழைக்கு வெளியே போகவும் வழியில்லை. அப்பாவை நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

நிலைகொள்ளாத போதையிலும் தோட்டத்துப் பெரிய தொரையின் ஜீப்பு வந்தால் அப்பா ரோட்டை விட்டு ஓரமாக இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். உனக்கு நினைவிருக்கிறதா? தவறணைக்காரன் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் திருப்பி ஒரு கை ஓங்கினதில்லை. வீட்டிலும் உன்னை அடித்தாரே தவிர, ஆசையாக வாங்கின ரேடியோவைத் தொட்டதில்லை. எந்தப் போதையிலும் அவருக்கு ஆள் தெரிந்திருந்தது. யாரை அடித்தால் திருப்பி அடி விழாது என்று தெரிந்திருந்தது. ஒரு சொட்டுக் குடிக்காத எனக்கும் அது தெரிந்திருந்தது. டீமேக்கர் ஐயாவை நான் அடிக்கவில்லையே.

சாராயம் நல்ல பிள்ளை என்று நான் சொல்ல வரவில்லை. குடித்த நாளில் அடி கூடத்தான் விழுந்தது, பாவிச் சாராயம் உன் இரண்டு பல்லைக் கொண்டுபோனது. ஆனால் நாம் எல்லாரும் சேர்ந்து குற்றத்தை அந்தப் போத்தலுக்குள் போட்டு மூடிவிட்டோம் அம்மா. அப்பாவின் கை வெளியே இருந்தது. அதே கைதான் எனக்கும் வந்திருக்கிறது. நீ என் வாயை ஊதச் சொன்னாயே தவிர, கையை நீட்டிக் காட்டச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் பஸ் ஏறித் தலவாக்கலைக்குப் போனேன். அவள் அண்ணன் வீட்டில் இரண்டு காம்பராவில் ஏழு பேர். சாந்தி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். கோயிலுக்கு வந்து கற்பூரம் அணைக்கிறேன், இந்தத் தடவை கைக்காகச் சத்தியம் பண்ணுகிறேன் என்றேன்.

"சத்தியம் வேணாங்க. ஒங்கப்பா ஏழு தடவ பண்ணாருன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள். துணியைப் பிழிந்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நீங்க குடிச்சிருந்தா, குடிதான் அடிச்சிச்சுன்னு நானும் மனசத் தேத்திக்கிட்டிருப்பேன். அத்தைக்கு அதாவது இருந்திச்சு. எனக்கு அதுகூட இல்ல."

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"வர்றேன். மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க. இங்க எடமில்ல, அங்க என் பேரு வேலைக்காரங்க செக்ரோல்ல இருக்கு. அதான் வர்றேன்."

"கத்திய எடுத்து ஆணியில மாட்டிடுறேன் சாந்தி. இனிமே அத ஒளிக்க வேண்டிய தேவ ஒனக்கு வராது" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எந்தக் கத்தி? நான் எதையும் ஒளிக்கலியே."

இருவரும் சேர்ந்துதான் திரும்பிப் பார்த்தோம். தர்ஷினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பாயி சொல்லியிருக்காங்க" என்றாள். "நீங்க சின்னப் பிள்ளையில கத்திய விறகுக்குக் கீழ வைப்பீங்களாம். கெட்டிக்காரப் பிள்ளையாம்."

நீதான் அம்மா சொல்லியிருக்கிறாய். மடியில் படுக்கவைத்துச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாய். எனக்குக் கேட்கிறது. உன் மேல் கோபமா என்று கேட்காதே, தெரியவில்லை. நீ அதைச் சிரிப்பாக மாற்றாமல் வேறு எப்படிச் சுமந்திருப்பாய்?

சாந்தி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் சொன்னாள். "அந்தக் கத்தி இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். நீங்களும் தொடாதீங்க, நானும் தொடல. இவளா எடுத்து ஆணியில மாட்டுற அன்னைக்கு நானும் நம்புறேன்."

திங்கட்கிழமை இருவரும் வந்துவிட்டார்கள். கத்தி இன்னும் விறகுக்குக் கீழேதான் இருக்கிறது. தர்ஷினி பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போகிறாள். வந்ததும் பார்க்கிறாள். நான் சத்தமாகத் தும்மினால்கூட அவள் பென்சில் நின்றுவிடுகிறது. இது எத்தனை நாள், எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியாது. அவள் எடுக்காமலே கலியாணமாகிப் போய்விடவும்கூடும்.

குச்சி வெட்டத் தினமும் பக்கத்துக் காம்பரா பார்வதி அக்காவிடம்தான் கத்தி இரவல் கேட்கிறேன். நேற்று அவர் கேட்டார். "ஒங்கப்பா கத்தி என்னா ஆச்சு தம்பி? அவ்வளவு நல்ல கத்தி." வாய் வரைக்கும் ஒரு பொய் வந்தது. விழுங்கிவிட்டேன். "சாந்திய அடிச்சேன்க்கா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. புள்ள பயந்து கத்திய ஒளிச்சு வச்சிருக்கு" என்றேன். இஸ்தோப்பில் நாலைந்து பேர் இருந்தார்கள். உள்ளே சாந்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான் அம்மா. கற்பூரம் இல்லை, கோயில் இல்லை. அந்தக் கத்தியை நான் தொட மாட்டேன். தினமும் இரவல் கேட்பேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் என் வாயாலேயே காரணத்தைச் சொல்வேன், தர்ஷினிக்குக் கேட்கிற மாதிரி.

வாயை மட்டும் உனக்கு ஊதிக் காட்டிய உன் மகன்,
ரவி