விண்ணப்பம் உன் பெயரில்

மாயக்காள் அறிக.

நாம் ரங்கூனிலிருந்து திரும்பிப் பத்து மாதம் மன்றாடியபின், மின்னிணைப்புக் கொடுக்க நேற்று வந்த மின்வாரிய ஊழியரை, "வீட்டுல ஆம்பளை இல்ல, நாளைக்கு வாங்க" என்று நீ திருப்பியனுப்பியது எவ்வகை நியாயம்?

இன்றும் நான் வீட்டில் இருக்கமாட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியனென்றும் பாராமல் ஐந்து முறை அலைக்கழித்த தாலுகா அலுவலகத்தாரிடம் குடியிருப்புச் சான்று கேட்கத் திருச்சுழிக்குச் செல்கிறேன். ஊழியர் மீண்டும் வந்தால் மோர் கொடு. தகரப்பெட்டியிலுள்ள விண்ணப்பத்தைக் காட்டு. "அவுக வரட்டும்" என்று மட்டும் சொல்லாதே. வீடு உன் தந்தையார் உனக்குத் தந்தது. விண்ணப்பமும் உன் பெயரில்தான் உள்ளது. கையொப்பமிட வேண்டியவள் நீயே. காலையில் இருந்த சினத்தில் இதைச் சொல்ல மறந்தேன்; பேருந்து நிறுத்தத்தில் எழுதி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இருளப்பசாமி

பி.கு.: விளக்கு எரிந்தால், நான் வரும்வரை அணைக்காதே. பேருந்தைவிட்டு இறங்கியதும் பார்க்க வேண்டும்.