மகளின் பேரில் ஒரு நேர்த்தி

செம்னிட்ஸ்
3 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

நானும் என் இடுப்பில் இருக்கும் ஆறு திருகாணிகளும் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் எப்படி?

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது நிமிடம் நீங்கள் "சரி, வைக்கிறன்" என்கிறீர்கள். சில நாட்களில் நான் அதற்கு முன்பே வைத்துவிடுகிறேன். கடிதத்தை நடுவில் யாராலும் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். பீலெஃபெல்ட் தமிழ்ப் பள்ளிக்குப் பத்து வருடம் சனிக்கிழமைகளில் என்னை இழுத்துச் சென்றதன் பலனை நீங்களே அனுபவியுங்கள்.

செய்தி இதுதான். போன செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்த பிறகு, வெள்ளிக்கிழமைதான் முதன்முறையாக ஊன்றுகோல் இல்லாமல் எங்கள் அணிப் பட்டறையின் இரண்டு மாடிப் படிகளையும் ஏறினேன். மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு, இனி ஓடலாம் என்று எழுதிக் கொடுத்தார். அணியும் ஒப்பந்தம் தந்திருக்கிறது. ஜெர்மன் சாம்பியன்ஷிப், ஏழு பந்தயங்கள். முதலாவது மே பதினோராம் திகதி, ஒஷர்ஸ்லேபனில். ஏப்ரல் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

பதினைந்து வயதில் தொடங்கினேன், இப்போது இருபத்தாறு. வென்லோவில் பிறந்தவள் என்பதால் நெதர்லாந்துக் கொடியின் கீழ் ஓடுகிறேன். அறிவிப்பாளர் ஒவ்வொரு ஞாயிறும் "ஜேசுரட்ணம்" என்ற பெயரைப் புதிய விதமாகக் கொலை செய்கிறார். இத்தனை வருடத்தில் நீங்கள் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. இந்த முறை வாருங்கள்.

அன்புடன்,
எவ்லின்


பீலெஃபெல்ட்
11 மார்ச் 2025

மரியாயே வாழ்க.

அன்பு மகள் எவ்லினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ படியேறிய வரியை அம்மா நான்கு முறை வாசிக்கச் சொன்னா. அதற்குக் கீழே இருந்ததை நான் ஒருமுறைதான் வாசித்தேன், அதுவும் வாய் திறக்காமல்.

இதை உனக்குச் சொல்ல ஆறு மாதமாக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் காரை எடுத்துக்கொண்டு கெவெலாருக்குப் போனேன். ஆவணி மாதம் தமிழர் எல்லாரும் யாத்திரை போகிற அதே மாதா கோயில். மெழுகுதிரி கொளுத்தி நேர்ந்தேன். என் பிள்ளை எழும்பி நடந்தால், அவள் இனி மோட்டார் சைக்கிளைத் தொடமாட்டாள் என்று. மறுநாள் காலை நீ கண் திறந்து தண்ணீர் கேட்டாய். டச்சு மொழியில் கேட்டாய், இருந்தாலும் கேட்டாய்.

இப்போது நடக்கிறாய். மாதா தன் பங்கைச் செய்துவிட்டா. மிச்சம் இருப்பது உன் பங்கு. ஒப்பந்தத்தை மரியாதையாகத் திருப்பி அனுப்பு. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் நான் எழுதித் தருகிறேன். பதினெட்டு வருடம் நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், பயணிகளின் புகார்களுக்குப் பணிவாகப் பதில் எழுதிப் பழகியவன்.

அம்மா நெத்தலிக் கருவாடு அனுப்புகிறா. பட்டறையில் பொரிக்காதே.

உன் அன்பு அப்பா,
ஜேசுரட்ணம்


செம்னிட்ஸ்
17 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

கருவாட்டைப் பட்டறையில்தான் பொரித்தேன். இரண்டு பேர் வெளியே போனார்கள். ஒருவர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

மற்ற விஷயம். நீங்கள் எப்போதும் அடுத்தவருடைய பொருளைத்தான் நேர்கிறீர்கள் என்று இதுவரை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலும். எனக்கு ஐந்து வயதில், நமக்கு டச்சுக் குடியுரிமை கிடைக்க வேண்டும் என்று என் தலைமுடியை நேர்ந்தீர்கள். கிடைத்தது. வகுப்புப் படத்தில் நான் மட்டும் மொட்டையாக நிற்கிறேன். அம்மாவின் பித்தப்பைக் கல்லுக்காக நான் ஒரு வருடம் இறைச்சி சாப்பிடவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்து ஆட்டெலும்பு சூப்பினீர்கள். மாதாவுக்கு நம் வீட்டில் என்னை மட்டும்தான் தெரியும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

வேண்டுமானால் முடியை மறுபடி தருகிறேன். ஹெல்மெட்டுக்குள் வசதியாகவே இருக்கும்.

கிண்டலை விட்டுவிடுகிறேன். எனக்கு நேர்த்தியில் நம்பிக்கை இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. உங்களுக்கு இருக்கிறது. நான் வாக்கை மீறி ஓடினால், ஒவ்வொரு ஞாயிறும் என் மேல் விழப்போகும் தண்டனைக்காக நீங்கள் காத்துக்கொண்டு இருப்பீர்கள். ஓடும்போது என் தலைக்குள் எதுவும் இருப்பதில்லை. அந்த வெறுமைக்காகத்தான் ஓடுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். அதற்குள் நீங்கள் வந்து உட்கார்ந்துகொண்டால் என்னால் ஓட முடியாது. ஆகவே கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்த யாரிடமாவது கேளுங்கள்.

அன்புடன்,
எவ்லின்


பீலெஃபெல்ட்
29 மார்ச் 2025

மரியாயே வாழ்க.

அன்பு மகளுக்கு,

நம் பங்குச் சுவாமியிடம் போனேன். நீ சொன்னதற்காக அல்ல. தவக்காலம், பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படியும் போக வேண்டியிருந்தது.

முழுவதையும் கேட்டுவிட்டு, "ஜேசுரட்ணம், பிள்ளைக்கு எத்தினை வயது?" என்றார்.

"இருபத்தாறு, சுவாமி."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன்ர காரை நேர்ந்தாலும் அதுவும் இதுவும் ஒண்டுதான். அவரவர் தன்ரதைத்தான் குடுக்கலாம்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வயது குறைந்த சுவாமி, அனுபவம் போதாது என்று நினைத்து எசனில் இருக்கும் வயதான சுவாமியிடம் போனேன். அவர் அதையே லத்தீன் கலந்து சொன்னார். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, "மூண்டாவது சுவாமியையும் கேளுங்கோவன். ரோமாபுரி என்ன, ஒரு நாள் ஓட்டம்தானே. பெட்ரோலும் அடிச்சுக் கிடக்கு" என்கிறா.

அவவைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள். ஞாயிற்றுக்கிழமைகளில் குசினிக்குள் இருந்து செபமாலை சொல்லுகிறா என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உன் பந்தயத்தை டேப்லெட்டில் வைத்துக்கொண்டல்லவா சொல்லியிருக்கிறா. கேட்டதற்கு வெட்கமே இல்லாமல் சொல்கிறா, "ஒரு சுற்றுக்கு ஆறு 'அருள்நிறைந்த மரியே'. ஏழாவது தொடங்கினால் பிள்ளை பிந்திட்டாள் எண்டு தெரியும்."

இருந்தாலும் மகள், சொன்ன வாக்கு சொன்ன வாக்குத்தான். சுவாமிமார் என்னை விட்டுவிடலாம். மாதாவின் காதில் விழுந்தது விழுந்தது. இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே. எனக்குக் கொஞ்ச நாள் தா.

அப்பா


செம்னிட்ஸ்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பா,

அவசரப்படுத்தவில்லை என்று தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். அவசரப்படுத்தத்தான் எழுதுகிறேன். ஒரு வாரம்தான் இருக்கிறது.

என் இடத்துக்கு ஒரு ஆஸ்திரியரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நேற்று வந்து, என் வண்டியில் ஏறி இருந்து, கால் வைக்கும் கட்டையைத் தன் உயரத்துக்கு மாற்றிப் பார்த்தார். நல்ல மனிதர். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். இதைவிட நல்லவளாக இருக்க என்னால் ஏலாது.

வேண்டாம் என்று நீங்கள் எழுதினால் ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்காகப் பின்பு உங்கள் மேல் கோபப்பட மாட்டேன் என்றும் எழுத முயன்றேன். அது பொய்யாக இருக்கும்.

ஒரு வரி போதும்.

எவ்லின்


பீலெஃபெல்ட்
11 ஏப்ரல் 2025

மரியாயே வாழ்க.

மகள்,

கையெழுத்தைப் போடு.

நீ ஒரு வரி கேட்டாய், அது முடிந்துவிட்டது. மிச்சத்தை ஆறுதலாக வாசி.

நேற்றுக் காலை நகர அலுவலகத்துக்குப் போய் என் சாரதி அனுமதிப் பத்திரத்தைக் கையளித்துவிட்டேன். எசனில் இருந்து வந்த மறுநாளே முடிவெடுத்தது, ஆனால் அலுவலகத்தில் நேரம் குறிக்கிற அந்த டெர்மின் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. லைசென்ஸ் எடுக்கவும் டெர்மின், கொடுக்கவும் டெர்மின். அங்கே இருந்த பெண், கண் பார்வை குறைந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை. குடித்துவிட்டு ஓட்டினீர்களா? இல்லை. மருத்துவர் சொன்னாரா? இல்லை, கெவெலார் மாதாவுக்குக் கொடுக்கிறேன் என்றேன். அவள் படிவத்தை மேலும் கீழும் தேடிவிட்டு, அதற்கு இதில் கட்டம் இல்லை என்றாள். கடைசியில் "வேறு காரணங்கள்" என்பதில் புள்ளடி போட்டுக் கொடுத்தாள். லைசென்ஸை ஒப்படைக்கும் முதியவர்களுக்கு ஒரு வருடம் பஸ் இலவசமாம். நான் ஓட்டிய பஸ்ஸிலேயே இனிப் பின்னால் இருந்து போகலாம்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு போர்த்துக்கல் வரை, பாத்திமா மாதாவிடம் ஓட்டிப் போவதாக இருந்தேன். வரைபடம்கூட வாங்கி வைத்திருந்தேன். என்னிடம் இருந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கார் ஓட்டுவதுதான், அதனால் அதைக் கொடுத்தேன். உன்னுடையதைக் கொடுத்தது பிழை. ஆளை மாற்றிக்கொள்ளுங்கோ என்று மாதாவிடம் சொன்னேன். அவ மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

பந்தயத்துக்கு வருவது பற்றி இப்போது எதுவும் கேட்காதே.

அப்பா


செம்னிட்ஸ்
12 மே 2025

அன்புள்ள அப்பா,

பதினோராவதாக வந்தேன். இடுப்பு தாங்கியது.

நேற்று மூன்றாவது வளைவுக்கு மேலே புல்மேட்டில் அவ்வளவு சனமும் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பஸ் கம்பனி கொடுத்த அந்த நீல மழைக்கோட்டை எந்த வேகத்தில் போனாலும் எனக்குத் தெரியும். எட்டுச் சுற்று வரை பார்த்தேன், எட்டிலும் முதுகுதான். பிறகு பார்க்கவில்லை, எனக்கு வேலை இருந்தது. பந்தயம் முடிந்து உடை மாற்றி ஓடி வருவதற்குள் நீங்களும் அம்மாவும் போய்விட்டீர்கள்.

வந்ததே போதும் என்று எழுத நினைத்தேன். போதாது அப்பா. ஆனாலும் வந்தீர்கள்.

அன்புடன்,
எவ்லின்


பீலெஃபெல்ட்
15 மே 2025

மரியாயே வாழ்க.

அன்பு மகள் எவ்லினுக்கு,

அம்மா மலிவு டிக்கெட் எடுத்திருந்தா. அந்த ஒரு ட்ரெயினுக்கு மட்டும்தான் செல்லும், அதனால்தான் ஓடினோம். அதற்கு மன்னித்துக்கொள்.

முதுகைக் காட்டி நின்றது உண்மை. அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு சுற்றும் "வந்திட்டாள், போயிட்டாள்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. பன்னிரண்டாம் சுற்றில் அவவின் சத்தத்தைக் காணவில்லை. நீ விழுந்துவிட்டாய் என்று நினைத்துத் திரும்பினேன். அவ தேர்மோஸில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறா. திரும்பியது திரும்பியாயிற்று என்று மிச்சச் சுற்றுகளையும் பார்த்தேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கடைசிச் சுற்றில், அதே மூன்றாம் வளைவில், உனக்கு முன்னால் போன சிவப்பு உடுப்புக்காரன் வெளிப்பக்கமாக அகன்று போனான். உள்ளே ஒரு நீட்டு பஸ் திரும்புகிற அளவு இடம் கிடந்தது. நீ எதற்காகப் பிரேக் பிடித்தனீ? பத்தாவதாக வந்திருக்கலாம். நாலு நாளாக எனக்கு நித்திரை இல்லை.

கோபத்துடன்,
அப்பா