சிட்டுவின் முதல் வீடியோ

மார்ச் 4, செவ்வாய்

லேபில் இன்று நாற்பத்தாறு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை குத்தவில்லை. சாயங்காலம் எங்கள் ரசிகர் குழுவுக்கு வந்திருந்த ஐந்து புது வீடியோக்களுக்குக் குறை எழுதிக் கொடுத்தேன். நாங்கள் ரசிக்கும் டிவி தொடர், அந்தக் கப்பல் கதை, அடுத்த மாதம் முடிகிறது. பன்னிரண்டு பேர் அதன் காட்சிகளைப் பாட்டோடு ஆளுக்கு ஒரு நிமிடம் எடிட் செய்து, ஒரே வீடியோவாகச் சேர்த்துப் போடப்போகிறோம். யாரைச் சேர்ப்பது என்பது என் பொறுப்பு. எனக்கு இதில் கண் உண்டு. வெளியில் சொன்னால் தலைக்கனம் என்பார்கள், இங்கே எழுதலாம்.

மார்ச் 5, புதன்

சிட்டு ஒரு வீடியோ அனுப்பினாள். என் நாத்தனார் சிட்டு! கல்யாணம் முறிந்து எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவாள், வருவாள், அறைக்குள் போய்விடுவாள். குழுவில் சேர்ந்திருக்கிறாள் என்பதே இன்றுதான் தெரியும்.

சாப்பிடும்போது, "எப்படி இருக்கு அண்ணி?" என்றாள். கேட்டாளே என்று சொன்னேன். பாட்டு வசனத்தை விழுங்குகிறது. திரையில் வரும் எழுத்து ஆறு விதம். காட்சி மாறும்போதெல்லாம் படம் பம்பரமாகச் சுற்றுகிறது. பாதி வார்த்தையில் வெட்டு. விரல் விட்டுப் பதினேழு குறை.

"சரிங்க அண்ணி." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பதினேழும் சரி.

மார்ச் 6, வியாழன்

சிட்டு குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

மார்ச் 8, சனி

இவர் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மூணு மாசத்துல அவளா வந்து காட்டின ஒரே விஷயம் அது."

"நான் சொன்னதுல எது பொய்?"

"பொய்னு நான் சொல்லலையே." அதோடு விட்டிருக்கலாம் மனுஷன். "ஃபோன்ல இருந்ததை எல்லாம் அழிச்சுட்டாளாம்."

இதுக்கு நான் என்ன பண்ண? ஆஹா ஓஹோன்னு புளுகியிருக்கணுமா? புதுசா வர்ற எல்லாருக்கும் இப்படித்தானே சொல்றேன் — அவங்கள்ல எத்தனை பேர் ரெண்டாவது வீடியோ அனுப்பினாங்க?

எண்ணிப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து, சிட்டு தவிர, பத்தொன்பது பேர். திரும்பி வந்தவர்கள் நாலு.

மார்ச் 9, ஞாயிறு

அவள் அனுப்பியது என் ஃபோனில் இருக்கிறது. காலையில் திரும்பப் பார்த்தேன், குறிப்பு எதுவும் எடுக்காமல். ஒரு இடம். தொடரில் யாருக்கும் அசையாத அந்தக் கேப்டன் அம்மா அறைக்குள் தனியாக வந்து தொப்பியைக் கழற்றுகிறாள். சிட்டு அங்கே பாட்டை நிறுத்தியிருக்கிறாள். நாலு விநாடி, மூச்சுச் சத்தம் மட்டும். எழுத்து இல்லை, சுற்றல் இல்லை.

முதல் தடவை அந்த இடம் வந்தபோது நான் குனிந்து பதினொன்றாவது குறையை எழுதிக்கொண்டிருந்தேன்.

நேராக மொட்டை மாடிக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஃபோனில் அந்த இடத்தைக் காட்டினேன்.

"சிட்டு, இங்க ஏன் பாட்டை நிறுத்தின?"

"அதுவும் தப்பா அண்ணி?"

"தப்பில்ல. எனக்கு இது தோணியிருக்காது. அதான் கேக்கறேன்."

துணிக் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அவ தனியா இருக்கா. அப்போ யாருக்காகப் பாட்டு?"

"அன்னிக்கு இதை நான் கவனிக்கவே இல்ல. என் மேலதான் தப்பு."

வாளியிலிருந்து இன்னொரு துணியை எடுத்து உதறினாள். நானும் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு பண்ணு. அந்தச் சுத்தல் எல்லாத்தையும் எடுத்துட்டுக் காட்டு."

"எல்லாத்தையுமா? அழகா இருக்குன்னுதானே வெச்சேன்!"

"தலை சுத்துது சிட்டு."

சிரித்துவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

முதலிலிருந்து செய்து காட்டினாள். சுற்றல் போய்விட்டது, அதோடு பாதி வார்த்தை வெட்டுகளும் தானாகவே போயிருக்கின்றன. எழுத்து இப்போதும் நாலு விதம். கண்ணை உறுத்தியது, வாயை மூடிக்கொண்டேன். பாட்டின் சத்தத்தைக் குறைக்க மட்டும் சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

புதியவர்களுக்கு இனி இப்படித்தான் என்று குழுவில் அறிவித்தேன்: பிடித்த இடம் எது, ஏன், பிறகு ஒரே ஒரு திருத்தம். குழுவின் பழைய ஆள் ஒருவர் ஃபோனிலேயே சண்டைக்கு வந்தார். "அப்போ மத்த குறையெல்லாம்?"

"அடுத்த வீடியோவுக்கு. முதல்ல அடுத்த வீடியோன்னு ஒண்ணு வரணும்ல?"

பொய்யாகப் பாராட்டினால் குழுவை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

பத்தொன்பதில் திரும்பாத பதினைந்து பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒவ்வொருவர் வீடியோவையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான். ஆறு பேர் பதில் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 29, சனி

பன்னிரண்டு நிமிடமும் கைக்கு வந்துவிட்டது. குழுவுக்குத் திரும்பிவிட்ட சிட்டுவுடையது ஏழாவது. என்னுடையது கடைசி. அதை அவளிடம் காட்டினேன்.

"கடல் காட்டுற இடம் ரொம்ப நல்லா இருக்கு அண்ணி. அதுக்கு முன்னாடி கொஞ்சம் அலுத்துப்போச்சு."

சுருக்கென்றது. எனக்கா? எட்டு வருஷமா எடிட் பண்றேன்! ஒரு மணி நேரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, கடலுக்கு முன்னால் பதினொரு விநாடியை வெட்டினேன்.

சமையலறைக்குப் போய், "நீ சொன்னது சரிதான்" என்றேன்.

"தெரியும்" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல்.