ஆட்டைத் திவசத்துக்கு ஒரு காரே-காரே

மார்க்ஸ் டோர்மோய்
2 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். என் இலக்கத்தைப் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் கடிதம். தபாலைத் தடுக்க வழியில்லை.

23ஆம் திகதி அப்பா செத்து ஒரு வருடம், ஆட்டைத் திவசம். கிரியை செய்ய மகன் வேண்டும். வருவேன். மரிட்டெஸும் வருவாள். ஆட்டை முடியுமுன் நானும் அவளும் பதிவுத் திருமணம் செய்தது பிழை என்கிறீர்கள். எனக்குப் பிழையாகத் தெரியவில்லை.

இன்னொன்று. படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது வழக்கம். அப்பாவுக்குப் பிடித்தது காரே-காரே, பிலிப்பைன்ஸ்காரரின் கச்சான்கடலைக் குழம்பு. றுவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிய பதினொரு வருடமும், மரிட்டெஸின் தகப்பன், கூட வேலை செய்த ரொமெல், கொண்டுவரும் சாப்பாட்டில் பாதி அப்பாவுக்குத்தான். அதில் மாட்டுவால் போடுவார்கள். ஓம், அப்பா தின்றவர். படையல் சைவம் என்பதால் நான் அதைச் சைவமாகச் சமைத்துக் கொண்டுவருவேன்.

மகன்
சாருஜன்

கூசேன்வில்
8 மார்ச் 2025

தம்பி சாருஜனுக்கு,

சுகமாக இருக்கிறேன். முழங்கால் நோகுது, அதை உனக்குச் சொல்லி என்ன.

செத்த மனிசன் எழும்பி வந்து மறுக்கமாட்டார் என்ற துணிவில் எழுதியிருக்கிறாய். என் படையலில் கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பாயசம் இருக்கும். போதும். படையலுக்குச் சமைக்கிறவர் ருசி பார்க்கக்கூடாது. அந்தப் பிள்ளைக்கு அது தெரியுமோ?

தனியே வா. வேட்டி தோய்த்து வைத்திருக்கிறேன்.

அம்மா

மார்க்ஸ் டோர்மோய்
13 மார்ச் 2025

அம்மா,

தனியே வரமாட்டேன்.

குளிரூட்டி திருத்துகிறவன் நான், அளக்கத் தெரியும். வறுத்து அரைத்த கச்சான் 220 கிராம், வறுத்த அரிசிமா 40. மாட்டுவாலுக்குப் பதில் பிஞ்சுப் பலாக்காய். றால் விழுதுக்குப் பதில் புளிக்கவைத்த சோயா. பயித்தங்காய், கத்தரிக்காய், தகரத்தில் அடைத்து வரும் வாழைப்பொத்திப் பூ. நான்கு தரம் செய்து பார்த்தோம். முதல் தரம் வந்தது சீமெந்து. "இதால குளியலறைக்கு ஓடு ஒட்டலாம்" என்று மரிட்டெஸ் பிரெஞ்சில் நக்கலடித்தாள். நான்காவதைச் சாப்பிட்டுவிட்டு ரொமெல் அங்கிள் சட்டியை வழித்தார்.

அளவுகளை எழுதி வைத்துவிட்டேன். அன்றைக்கு ஒருவரும் வாயில் வைக்கமாட்டோம். தராசு பார்த்துக்கொள்ளும்.

அவளை வாசலில் நிறுத்தினால் நானும் வாசலோடுதான். அப்படியென்றால் திவசம் என் அறையில் நடக்கும்.

சாருஜன்

மார்க்ஸ் டோர்மோய்
24 மார்ச் 2025

அம்மா,

நேற்றுக் கதவைப் பாதி திறந்து, "நீ உள்ளுக்கு வா. அது வெளியில நிக்கட்டும்" என்றீர்கள். ஐயர் உங்களுக்குப் பின்னால் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். "நீ போ, நான் ரயில் ஸ்டேசன்ல இருக்கிறன்" என்றாள் மரிட்டெஸ். நான் போகவில்லை. கொண்டுவந்த காரே-காரேயில் ஒரு பெட்டியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.

நேற்றுக் காலையில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருக் கடையில் பச்சை வாழைப்பொத்தி கிடைத்தது. தகரத்தில் வருவதைவிட நல்லது என்று அதைத்தான் போட்டேன். உங்கள் வாசலிலிருந்து இங்கே வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு மிச்சத்தைப் படைத்தேன். மந்திரம் தெரியாது. "அப்பா, சாப்பிடுங்கோ" என்றேன். மரிட்டெஸ் தண்ணீர் வைத்தாள்.

வருத்தப்படுவேன் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த வருடமும் இங்கேதான்.

சாருஜன்

கூசேன்வில்
31 மார்ச் 2025

தம்பி,

பெட்டியைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். ஐயர் போன பிறகு திறந்தேன். தெரிந்த மணம். பதினொரு வருடம் உன் அப்பாவின் வேலைச் சட்டையிலிருந்து அதைத் தோய்த்தவள் நான். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்படியே இருந்திருக்கும். நீ எழுதிப்போட்டாய். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னித்ததாக நினையாதை.

அவருடைய இலையில் வைத்தேன். பிறகு நானும் சாப்பிட்டேன். பொத்திப் பூவுக்குள் இருக்கிற நரம்பை எடுக்காமல் போட்டிருக்கிறாய். இரண்டு நாள் பல்லுக்குள் நின்றது. கச்சானைக் கிராமில் நிறுக்கிறவருக்கு இது தெரியாதாக்கும். ருசி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அதையும் நான்தான் வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை காலமை வருகிறேன். பொத்தி இரண்டு வாங்கி வை. நீ வேலைக்குப் போகலாம். மரிட்டெஸை வீட்டில் இருக்கச் சொல்.

அம்மா