மஞ்சள் தண்ணீரில் நனைந்த அட்டிகை

அக்கா,

உங்கள் மகள் நேற்று அந்த வைர அட்டிகையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கற்கள் மங்கிவிட்டன, பின்பக்கத்தைத் திறந்து சரிசெய்ய வேண்டும். ராஜவீதி நகைப் பட்டறைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பாதியிலயும் ஒரே மாதிரி தண்ணி எறங்கியிருக்குதுங்களே, மழையில நனைஞ்சுதுங்களா?" என்றார்.

"இல்லைங்க, கல்யாணத்துல" என்றேன்.

நம் மாமியார் அதை இரண்டு மருமகள்களுக்கும் பிரித்துக் கொடுத்தபோது எனக்கு ஆர்வம் ஏதும் இருக்கவில்லை. வைரம் ஒரு வீட்டுக்கு ஒத்துவரும், ஒத்துவராது என்ற பேச்சையெல்லாம் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் நீங்கள் அதைக் கழற்றிக் காட்டியபோது, கல்லூரியில் இயந்திரவியல் நடத்தும் நான் வகுப்பில் முதல் வரிசைக்காரி மாதிரி குனிந்து பார்த்தேன். நடுப் பதக்கத்தை மேலே தள்ளினால் கழன்றுவரும். அதன் பின்னால் மடிந்திருக்கும் ஊசியை நிமிர்த்தினால் சேலையில் குத்திக்கொள்ளலாம். பதக்கம் மறைத்திருந்த கொக்கியை விடுவித்தால் அட்டிகை இரண்டு பட்டைகளாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் துளை. ஆகவே ஒன்று இன்னொன்றோடும் சேரும். வளைத்தால் தன்னோடு தானே சேர்ந்து கைக்கட்டாகவும் ஆகும். கற்கள் எல்லாம் ஒரே அளவு. இடது, வலது என்ற பேதமே கிடையாது.

"செஞ்சவன் ரெண்டு பொண்டாட்டிக்காரனா இருந்திருப்பான் கண்ணு. ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் கொறைய இல்லாம செஞ்சிருக்கான் பாரு" என்றீர்கள்.

உங்கள் கணவர் இறந்த மறுவருடம் உங்கள் மகளுக்குத் துடியலூரில் கல்யாணம். கழுத்தில் நீங்கள் எதுவும் போடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். உங்கள் பாதியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். மாமியாரின் தங்கை, அன்னூர் அத்தை, பார்த்துவிட்டார்.

"ஏனம்மணி, இதென்ன கையில?"

"கழுத்துக்குத்தானுங்க வேண்டாம்னீங்க. கைக்கு ஒண்ணும் சொல்லலீங்களே."

மணமகள் அறையே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை.

இரண்டு பாதியையும் சேர்த்து மகள் கழுத்தில் உங்கள் கையால் பூட்ட வேண்டும். அந்த நாளில் நீங்கள் விரும்பியது அது ஒன்றைத்தான். கையிலிருந்து கழற்றியதும் அத்தை அதை வாங்கிக்கொண்டார்.

"நீ கட்டியிருந்ததை அப்படியே புள்ளைக்குப் போடறதா? மஞ்சத்தண்ணியில முக்கியெடுத்து, சின்னவ பூட்டட்டும்."

"கல்லுக்குப் பின்னால மூடின கட்டடமுங்க அத்தை. தண்ணி உள்ள போனா கல்லு செத்துப்போயிருமுங்க" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அது மஞ்சள்தண்ணிச் சொம்புக்குள் போய்விட்டது.

நான் என் பாதியைக் கழற்றி அதே சொம்பில் போட்டேன். கையைவிட்டு ஒரு கலக்குக் கலக்கி, இரண்டையும் எடுத்து நீட்டினேன். "இதுல எது அக்காளது, எது என்னுதுன்னு சொல்லுங்க அத்தை. அதை ஒதுக்கி வெச்சரலாம்."

அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று வெளியே போனார்.

நீங்கள் என்னைத்தான் திட்டினீர்கள். "படிச்சவதானாடி நீ? ஒரு பாதியாவது நல்லா இருந்திருக்குமில்ல, கிறுக்கி!" திட்டிக்கொண்டே முந்தானையில் ஒற்றியெடுத்து, கொக்கிகளை மாட்டி, பதக்கத்தை இறக்கி, மகள் கழுத்தில் பூட்டினீர்கள். அவள் ரவிக்கையில் மஞ்சளாய் ஒரு கோடு இறங்கியது.

சில மாதங்களிலேயே கற்கள் மங்கத் தொடங்கின. அதைப் பற்றி நீங்கள் கண்ணை மூடும்வரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. கற்களுக்கு அடியிலுள்ள பழைய தகட்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்தால் தெளிந்துவிடும் என்கிறார் பட்டறைக்காரர். தெளியட்டும். மங்கலாக வைத்துக் கும்பிடும் ஆள் நீங்களும் இல்லை, நானும் இல்லை.

போன மாதம் காரமடையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா, கணவரை இழந்தவர், அறையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகனுக்குப் போட வேண்டிய மாலைத் தட்டை, அவருக்குப் பதில் நான் போடட்டும் என்று யாரோ என்னிடம் நீட்டினார்கள். நான் அதைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நேரமாகிறது என்று வெளியே கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் எழவில்லை.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.